அவரா, அதுவா?



போன பதிவில் பாம்பன் புதுப் பாலத்தைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். தனித்தனியாக எல்லாருக்கும் நன்றி சொல்ல விரல் ஒத்துழைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை சினிமா. அதுவும் ஜாம்பி சினிமா. டீச்சருக்கு என்ன ஆச்சு என்று யாரும் பதறிப்போய் போன் போட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன்.

விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. பகலெல்லாம் கடலில் கிடப்பான், ராத்திரி ஆனால் டிவியில் எதையாவது தேடிப் போடுவான். அப்படிப் போட்டதுதான் ‘ஜாம்பி’. 2019 செப்டம்பரில் வந்த தமிழ்ப் படம். யோகி பாபு, யாஷிகா ஆனந்த், அப்புறம் உங்களில் பாதிப் பேர் பரிதாபங்கள் என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தக் கோபியும் சுதாகரும். வீட்டில் நிம்மதி இல்லாத ஆட்கள் குடித்துக் கும்மாளம் போட ஒரு ரிசார்ட்டுக்குப் போகிறார்கள். யோகி பாபு ஒரு ரவுடி. ராத்திரியில் ஒவ்வொருவராக ஜாம்பி ஆகிறார்கள். கதை அவ்வளவுதான், அதற்கு மேல் அவர்களும் கவலைப்படவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், சில இடங்களில் சிரித்தேன். யோகி பாபு முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அது என் பலவீனம். ஆனால் அரை மணி நேரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சற்று முன்பு வரை பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்த ஒருவர் கடிபடுகிறார். அடுத்த காட்சியில் அவரை மற்றவர்கள் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கச் சிரிப்புச் சத்தமும் மேளச் சத்தமும் கூடுகிறது.

“அவுங்க வீட்டுக்கு யாருடா தகவல் சொல்லுவா?” என்று கேட்டேன்.

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்பத்தா, அது ஜாம்பி. அதுக்கு ஏது வீடு?”

அந்த ‘அது’ எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். திணை நடத்தும்போது கரும்பலகையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பேன். இந்தப் பக்கம் உயர்திணை, அந்தப் பக்கம் அஃறிணை. ‘மீனவர் வந்தார்’, ‘மீன் வந்தது’. பின் வரிசையில் ஒருவன் எழுந்து, “பிணம் எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான், “பிணம் அஃறிணை, உட்காரு” என்றேன். இலக்கணப்படி அது சரிதான். நேற்று வரை ‘அப்பா வந்தார்’, இன்றைக்கு ‘பாடி எப்ப வருது?’ ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குச் சாவு என்று ஒன்று நடக்க வேண்டும், அதற்குப் பிறகு பதினாறு நாள் சடங்கும் வேண்டும். ஜாம்பி படத்தில் ஒரு கடி போதும். கண்ணெதிரே ‘அவர்’ ‘அது’ ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு கட்டையால் அடிக்கலாம், காரை ஏற்றலாம், கேட்க ஆளில்லை. இந்த வகைப் படங்களில் ரத்தத்தையும் பல்லையும் விட எனக்குப் பயமாக இருந்தது இந்தத் திணை மாற்றம்தான்.

நம் ஊர்ப் பேய்க்கு இந்தக் கதி வராது. ஏனென்றால் நம் பேய் பேசும். ராகவா லாரன்ஸ் எடுத்த ‘முனி’யும் ‘காஞ்சனா’வும் உங்களுக்கு மனப்பாடம். அந்தப் பேய்களுக்குப் பேர் உண்டு, கொன்றவன் யார் என்று தெரியும், நியாயம் கேட்டு வருகின்றன. கேட்டது கிடைத்தால் போய்விடுகின்றன. வேதாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கை மரத்தில் தொங்குகிற பிணத்துக்குள் இருக்கிறது, விக்கிரமாதித்தன் தோளில் ஏறி வருகிறது, வழியெல்லாம் கதை சொல்கிறது, கடைசியில் கேள்வியும் கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாகும் என்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு ஆசிரியை. ஜாம்பிக்குப் பேச்சு கிடையாது, பேர் கிடையாது, குறை கிடையாது. அதனிடம் சமாதானம் பேச முடியாது. நம் ஆட்கள் ஜாம்பி படம் எடுத்தால் பாதியிலேயே நகைச்சுவையில் போய் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பேசாத பேயை வைத்துக்கொண்டு நாம் வேறு என்ன செய்வது?

பேரன் தூங்கிய பிறகு இந்த ஜாம்பி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கரீபியக் கடலில் ஹைட்டி என்று ஒரு நாடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து வந்து கரும்புத் தோட்டங்களில் அடிமையாக்கி வேலை வாங்கிய இடம். 1804-ல் அந்த அடிமைகளே போராடி விடுதலை வாங்கினார்கள். அந்த மண்ணில் பிறந்த நம்பிக்கைதான் இது. செத்தவன் உடம்பை மந்திரவாதி எழுப்பி வேலைக்கு வைத்துக்கொள்வான் என்று பயந்தார்கள். நன்றாகக் கவனியுங்கள், அவர்கள் ஜாம்பியைப் பார்த்துப் பயந்ததை விட, தாங்கள் ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். உயிரோடு இருக்கும்போது அடிமை, செத்த பிறகாவது விடுதலை என்று இருந்தவனுக்கு அதுவும் கிடைக்காது என்றால் எப்படி இருக்கும்? 1932-ல் ஹாலிவுட்டில் வந்த ‘ஒயிட் ஜாம்பி’யில்கூட அவர்கள் சர்க்கரை ஆலையில்தான் மாடு மாதிரி சுற்றுகிறார்கள்.

மனிதக் கறி தின்னும் கூட்டமாக அதை மாற்றியவர் ஜார்ஜ் ரொமேரோ. 1968-ல் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு வீட்டுக்குள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். பென் என்ற கறுப்பின இளைஞன்தான் கதாநாயகன். ராத்திரி முழுக்கப் போராடி அவன் ஒருவன் மட்டும் பிழைக்கிறான். விடிகிறது. ஜாம்பிகளைச் சுட்டுக்கொண்டு வருகிற துப்பாக்கிக் கூட்டம் ஜன்னலில் ஆள் அசைவதைப் பார்க்கிறது, சுட்டுவிடுகிறது. ஜாம்பி என்று நினைத்துச் சுட்டார்கள். அத்தோடு படம் முடிகிறது. அவனையும் மற்ற பிணங்களோடு கொக்கியில் மாட்டி இழுத்துப் போய் எரிக்கிறார்கள். ‘அது’ என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் கிட்டப் போய் முகத்தைப் பார்ப்பதில்லை.

சரி, அப்படியானால் ஜாம்பியை வைத்துச் சிரிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். சிரிக்கலாம். மறுநாள் பேரன் என்னைச் சமாதானப்படுத்த ஒரு இங்கிலீஷ் படம் போட்டான். ‘ஷான் ஆஃப் த டெட்’, 2004-ல் வந்தது, எட்கர் ரைட் இயக்கியது. கதாநாயகன் ஷான் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற கடையில் வேலை பார்க்கிற ஒரு சோம்பேறி. காலையில் தூக்கக் கலக்கத்தில் கடைக்குப் போகிறான். தெருவெல்லாம் ஜாம்பிகள், கடைக் கதவில் ரத்தம். அவன் கவனிக்கவே இல்லை, வழக்கம்போல் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறான். ஏனென்றால் நேற்றும் தெருவில் ஆட்கள் அப்படித்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். நம் பேருந்து நிலையத்தில் செல்போனைக் குனிந்து பார்த்தபடி நிற்கிறவர்களை நினைத்து நான் சத்தமாகச் சிரித்தேன்.

இந்தப் படத்திலும் அடிக்கிறார்கள், உதைக்கிறார்கள். ஆனால் இரண்டு இடங்களை நான் மறக்கவே மாட்டேன்.

ஒன்று, ஷானுக்கு மாற்றாந்தகப்பன் ஒருவர், பிலிப். இருவருக்கும் ஆகவே ஆகாது. காரில் சத்தமாகப் பாட்டு ஓடினால் அவருக்குப் பிடிக்காது. அவர் கடிபட்டு, காரிலேயே சாகிற நேரத்தில் மகனிடம் மனம் விட்டுப் பேசுகிறார். பிறகு ஜாம்பியாகிவிடுகிறார். எல்லாரும் காரை விட்டு இறங்கிவிட, அம்மாக்காரி அவரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். ஷான், “அம்மா, அது அவர் இல்லை, உள்ளே அவருடையது எதுவும் மிச்சமில்லை” என்கிற மாதிரிச் சொல்கிறான். அவன் சொல்லி முடிக்கிற நேரத்தில் காருக்குள் இருக்கிற அந்த ஜாம்பி மெல்லக் கையை நீட்டிப் பாட்டை நிறுத்துகிறது. தியேட்டரில் எல்லாரும் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. நிறுத்துகிறது என்று எழுதிவிட்டேன் பாருங்கள். நிறுத்துகிறார் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று அந்த அம்மா. அவளும் வழியில் கடிபட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. கையை மறைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் கூடவே வருகிறாள். கடைசியில் மயங்கி விழும்போதுதான் தெரிகிறது. ஏன் சொல்லவில்லை என்றால், உங்களுக்கெல்லாம் எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டாளாம். பெற்ற மகனே அவளைச் சுட வேண்டி வருகிறது. அந்த இடத்தில் இயக்குநர் ஒரு வேடிக்கையும் வைக்கவில்லை, நம்மை அழ விட்டுவிடுகிறார்.

2013-ல் இந்தியில் ‘கோ கோவா கான்’ வந்தது. ராஜ், டி.கே. இருவரும் இயக்கினார்கள், சைஃப் அலி கான் ரஷ்யாக்காரன் மாதிரி நடிக்கிற டெல்லிக்காரனாக வருவார். நம் நாட்டில் பேய் பிசாசு உண்டு, ஜாம்பி எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்பதும், எல்லாம் உலகமயமாக்கல் என்பதும் நல்ல கிண்டல். போதை மருந்துச் சமாச்சாரம் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு பார்க்காதீர்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நம் தமிழில் முதல் ஜாம்பி படம் என்று சொல்லப்படுவது ‘மிருதன்’, 2016 பிப்ரவரி. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம், ஜெயம் ரவி ஊட்டியில் போக்குவரத்துப் போலீஸ். இது நகைச்சுவைப் படம் இல்லை, குறைகளும் நிறைய. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த இயக்குநரைப் பாராட்டுவேன். ஜாம்பியை நம் ஊர்ப் பயத்தோடு முடிச்சுப் போட்டார். ரசாயனக் கழிவைக் குடித்த ஒரு நாய், அது மனிதனைக் கடிக்கிறது, அவன் அடுத்தவனைக் கடிக்கிறான். அவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். இது வேறு என்ன, வெறிநாய்க்கடிதானே? அதுவும் கதை நடப்பது ஊட்டியில். அங்கிருந்து 20 கிலோமீட்டரில் குன்னூர். வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காக 1907-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஊர். படத்தில் அதைப் பற்றிப் பேசினார்களோ என்னவோ, எனக்கு அதுதான் மனதில் ஓடியது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்தப் பயத்தில் கடித்ததைச் சொல்லாமல் மறைத்த பிள்ளைகள் உண்டு. மறைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். (இப்போது அப்படி இல்லை, கையில்தான் போடுகிறார்கள். கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். நோய் தலைகாட்டிவிட்டால் அப்புறம் காப்பாற்ற முடியாது. டீச்சர் புத்தி, மன்னியுங்கள்.)

‘மிருதன்’ முடிவில் நாயகனுக்கும் நோய் தொற்றுகிறது. மாறிக்கொண்டே இருக்கிற உடம்போடு அவன் மற்றவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறான். கடிபட்டவனுக்கும் ஒரு மனசு பாக்கியிருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது. மூன்று வருடம் கழித்து வந்த ‘ஜாம்பி’க்கு அந்த ஒரு நிமிடத்துக்குப் பொறுமை இல்லை. அதுதான் அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள வருத்தம். மட்டமான நகைச்சுவையைக்கூட மன்னித்துவிடுவேன்.

இதையெல்லாம் நான் பேரனிடம் பிரசங்கம் பண்ணியபோது அவன், “அப்பத்தா, ஜாம்பி படம் எடுக்க தனுஷ்கோடி சூப்பர் லொகேஷன்” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, யூடியூபில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு ‘பேய் நகரம்’ என்று எடுத்துப் போடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அங்கே ரயிலோடு சேர்த்து எத்தனை குடும்பம் போனது! எனக்கு அப்போது ஐந்து வயது. கரைக்கு வராத உடம்புகளைப் பற்றி என் அம்மா கடைசி வரை பேசியிருக்கிறாள். இன்றைக்கும் அந்த மணலில் குடிசை போட்டு மீனவர்கள் வாழ்கிறார்கள், பேய்கள் இல்லை. இந்தப் பக்கம் அக்னி தீர்த்தத்தில் தினம் விடியும் முன்பே எங்கெங்கிருந்தோ வந்து, மூன்று தலைமுறைப் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். யாருமற்றவர்களுக்கும் சேர்த்து ஒரு கை தண்ணீர் விடுகிற வழக்கமும் உண்டு. செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் இது. இங்கே போய் ஜாம்பி படமா என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்த பிறகு, அப்படிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

‘ஜாம்பி’ வந்து ஏழாவது மாதம் ஊரடங்கு. 2020 மார்ச். உங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறதா, அப்போது நாம் எப்படிப் பேசினோம் என்று? ‘அந்தத் தெருவுல ரெண்டு கேஸு’, ‘மெட்ராஸ்லருந்து ஒண்ணு வந்திருக்கு’. அவர் இல்லை, அவள் இல்லை. கேஸு, பாசிட்டிவ், ஒண்ணு. ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்கள். கூட வேலை பார்த்த மருத்துவரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். டிவியில் அதைப் பார்த்துவிட்டு, “மனுசங்களா இவங்க?” என்று நானும் திட்டினேன். திட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆடி மாதம் எங்கள் தெரு முனையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். எங்களுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிற ஒரு அக்கா உண்டு. என்னை விட நாலைந்து வயது மூத்தவர். முள் கிடந்தாலும் சந்து வழியாகக் கொட்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் என்றும், நாலு நாளாகவே காய்ச்சலோடுதான் வந்துபோனார் என்றும் தெரிந்தது. தெருவே கொதித்தது. சாயங்காலம் 108 வண்டி வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு முன் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். எதற்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொடுக்கவேண்டிய காசு நூற்றைம்பது பாக்கி இருந்தது, அதற்காக இருக்கலாம்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்பி, “அது வருது, கதவைச் சாத்து” என்றேன்.

நம் பக்கத்தில் செல்லமாகவும் ஆட்களை ‘அது’ என்போம், ‘அது நல்ல புள்ள’ என்போம். நான் சொன்னது அந்த ‘அது’ இல்லை. பிறகு ஜன்னலில் நின்றபடியே, படித்த திமிரில், “ஏன் மறைச்சீக? சொல்லியிருக்கணுமா இல்லையா?” என்று கேட்டேன். அவர் தள்ளித்தான் நின்றார். கேட் கம்பியைக்கூடத் தொடவில்லை.

“சொன்னா கொழாயில கொடம் வைக்க விட்டிருப்பீகளா டீச்சர்?” என்றார். திரும்பிப் போய்விட்டார்.

அந்த இங்கிலீஷ் அம்மா பிறருக்குத் தொந்தரவு வேண்டாமே என்று மறைத்தாள். இவர் தண்ணீருக்காக மறைத்தார். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மறைத்தது தப்புதான், அதை நான் இப்போதும் சொல்வேன், வேறு வீடுகளுக்கும் பரவியிருக்கலாம். ஆனால் சொல்ல முடியாதபடி முள்ளைப் போட்டது நாங்கள். ஜாம்பி படத்தில் கடியை மறைக்கிறவரைப் பார்த்து ஏன் இப்படிச் செய்கிறார் என்று பல்லைக் கடிக்கிறோமே, சொன்னால் அடுத்த நிமிடம் கட்டை தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான்.

அவர் 15 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார். நல்லபடியாக வந்தார். குழாயடியில் ஒரு மாதம் வரை இவர் குடம் தனியாகத்தான் நின்றது. நான் அந்த நூற்றைம்பது ரூபாயை ஒரு சிறுவனிடம் கொடுத்து அனுப்பினேன், நேரில் போகவில்லை. பிறகு எல்லாம் பழகிவிட்டது. அவர் இப்போதும் மீன் கொண்டுவருகிறார், நானும் வாங்குகிறேன், மகன் எப்படி இருக்கிறான், மருமகள் எப்படி இருக்கிறாள் என்று பேசிக்கொள்கிறோம். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததே இல்லை.

அவருடைய மகள் என்னிடம் படித்தவள்தான். இந்தப் பக்கத்தில் இருக்கிறாள், என் பதிவுகளுக்கு எப்போதும் முதலில் இதயம் போடுகிறவள். பேர் எழுதவில்லை, உனக்கே தெரியும். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு தாயீ. இப்போது காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் படி. நேரில் சொல்ல நான்தான் போக வேண்டும், போவேன். அதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

நாளைக்குச் சூடை இருந்தால் எடுத்துவரச் சொல். பேரன் ஊருக்குக் கிளம்புகிறான், பொரித்துக் கொடுத்து அனுப்ப வேண்டும்.